‘கூடிய விரைவில்’ என்றால் எத்தனை நாள்?

கேள்வி இதுதான்: “2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் அனுப்பும் மசோதாவில் முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு வைத்தது. நவம்பரில் அதே நீதிமன்றம் அப்படி வைக்க முடியாது என்றது. நடுவில் அரசமைப்பில் ஒரு கமா கூட மாறவில்லை. அப்படியானால் நீதிபதிகள் தங்களுக்குப் பிடித்ததைத்தானே அதற்குள் படிக்கிறார்கள்? எழுதியவர்கள் என்ன பொருளில் எழுதினார்களோ அதை மட்டும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் இந்தக் குழப்பம் தீராதா?” கேட்டவர் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர்.

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தீராது. ஏன் தீராது என்று தெரிந்துகொள்ள வாஷிங்டன் வரை போக வேண்டாம். பாரிமுனையில் நம் ஹைகோர்ட்டுக்குள் எச்.சி.பி. எடுக்கிற பெஞ்சின் முன்னால் அரை நாள் உட்கார்ந்தால் போதும்.

எச்.சி.பி. என்றால் ஆட்கொணர்வு மனு. நம் ஊரில் அங்கே அடிக்கடி வருவது குண்டாஸ் கேஸ். குண்டாஸ் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாடு சட்டப்படி, குற்ற விசாரணை எதுவும் முடியாமலே ஓர் ஆளை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். இப்படி முன்கூட்டியே பிடித்து வைப்பதை அரசமைப்பின் 22ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் 22(5) இரண்டு நிபந்தனை போடுகிறது. காரணங்களைக் கூடிய விரைவில் அந்த ஆளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து முறையிட, முடிந்தவரை சீக்கிரமாக வாய்ப்பைத் தர வேண்டும். அவ்வளவுதான் வாசகம்.

நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் கையில் கொடுத்த ஒரு கட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. காவலில் இருந்தவருக்கு அதிகாரி கொடுத்த, காவலுக்கான ஆவணங்கள் அடங்கிய புக்லெட், நூற்றுச் சொச்சம் பக்கம். ராத்திரி முழுக்கப் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கம், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பாதி கறுப்பு, மீதி ஆங்கிலக் கிறுக்கல். அந்த ஆளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மறுநாள் பெஞ்சில் மூத்த நீதிபதி அந்தப் பக்கத்தை ட்யூப்லைட் பக்கம் சாய்த்துப் பார்த்தார். எதுவும் பேசாமல் அரசு வழக்குரைஞர் பக்கம் நீட்டினார். “நீங்க படிங்க, கேட்கிறோம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். காவல் உத்தரவு அன்றே ரத்தானது.

சரி, ஜெராக்ஸ் தெளிவாக இருக்க வேண்டும் என்று அரசமைப்பில் எங்கே இருக்கிறது? தாய்மொழியில் தர வேண்டும் என்றாவது இருக்கிறதா? இல்லை. ‘தெரிவிக்க வேண்டும்’ என்று மட்டும் இருக்கிறது. தெரிவிப்பது என்றால் காகிதத்தைக் கையில் திணிப்பது அல்ல, விஷயம் அவருக்குப் போய்ச் சேருவது. ஆகவே அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று 1962இல் ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்துக்கு எழுத்து பார்ப்பவர்களில்கூட யாரும் இதை நீதிபதியின் அத்துமீறல் என்று சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் கவனியுங்கள், இதுவும் பொருள்கோள்தான், அதாவது வாசகத்துக்குப் பொருள் சொல்வதுதான். வாசகத்தில் இல்லாத ஒன்றை வாசகத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். பொருள் சொல்லாமல் வெறுமனே படிக்கிற நீதிபதி என்று ஒருவர் கிடையாது. சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், போகிற வழியைக் காட்டினாரா என்பதில்தான் சண்டை.

இனி ‘எழுதியவர்களின் எண்ணம்’. இந்த யோசனைக்கு நம் நாட்டில் முதல் சோதனை வைத்த வழக்கின் பெயரே ‘ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம்’. 1950. மலபார் அப்போது மெட்ராஸோடு இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலனைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். பிரிவு 21 சொல்வது, சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது. ‘சட்டம்’ என்றால் சட்டமன்றம் இயற்றிய எதுவும் சட்டமா, இல்லை நியாயமான நடைமுறையாகவும் இருக்க வேண்டுமா? இதுதான் கேள்வி.

எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இதில் ஓரளவு தெளிவாகவே தெரியும். முதலில் அமெரிக்காவின் ‘டியூ பிராசஸ்’ (உரிய சட்ட நடைமுறை) என்ற சொற்களையே வரைவில் போட்டிருந்தார்கள். அரசமைப்பு அவையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். அந்தச் சொல் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று எச்சரிக்கப்பட்டுத் திரும்பினார். ஜப்பானிய அரசமைப்பின் சாயலில் ‘சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறை’ என்று மாற்றினார்கள். நம் ஊர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் அந்த மாற்றத்தை ஆதரித்துப் பேசினார். அம்பேத்கர் 1948 டிசம்பரில் இரு பக்க அபாயத்தையும் சொல்லி, முடிவை அவையிடம் விட்டார். சட்டமன்றத்தில் கட்சிக்காரர்கள் நிறைந்து மோசமான சட்டம் போடலாம்; ஐந்தாறு நீதிபதிகள் உட்கார்ந்து நல்ல சட்டத்தையும் அடிக்கலாம்; எதை நம்புவது? அப்புறம் 1949 செப்டம்பரில், டியூ பிராசஸ் போனதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரே கொண்டுவந்ததுதான் இன்றைய 22ஆவது பிரிவு. மேலே சொன்ன கறுப்பு ஜெராக்ஸ் கேஸ் நின்றது அந்த ஈட்டுத் தொகையின் மேல்தான்.

ஆக, எழுதியவர்களின் எண்ணத்தைப் பார்த்தால் கோபாலன் தோற்க வேண்டியவர். தோற்கவும் செய்தார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் அடித்துவிட்டு, மீதிச் சட்டம் செல்லும் என்றார்கள். நீதிபதி பசல் அலி தனியாக நின்றார். நோட்டீஸ், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான விசாரணை, இவை இல்லாததை நடைமுறை என்றே சொல்ல முடியாது என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பெரும்பான்மைப் பக்கம் இருந்த பதஞ்சலி சாஸ்திரி, மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து போனவர், அரசமைப்பு அவையின் பேச்சுகளைப் பொருள் சொல்லப் பயன்படுத்துவதையே ஏற்கவில்லை. ஒருவர் எழுந்து பேசியது அவருடைய மனதைக் காட்டும். பேசாமல் கை தூக்கிய மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எப்படிக் காட்டும் என்பது அவர் கேள்வி. இன்றைக்கும் எனக்கு அதற்கு முழுப் பதில் தெரியாது.

28 ஆண்டு கழித்து, 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை என்றால் நியாயமானதாக, தன்னிச்சை இல்லாததாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவை வேண்டுமென்றே வெளியே தள்ளிய டியூ பிராசஸ் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் கேட்கிற முறையைக் கறாராக வைத்தால் மேனகா தீர்ப்பு தவறு. அதற்கு மேல் கட்டிய பலவும் சரியும். அதற்கு நீங்கள் தயாரா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தயார் என்றால் அது நேர்மையான நிலைப்பாடுதான், நான் சிரிக்க மாட்டேன்.

இரண்டாவது சோதனையும் மெட்ராஸ் மாநிலத்துக்குத்தான். வகுப்புவாரி ஜி.ஓ., அதாவது சாதி, மத வாரியாக இடம் பிரித்த அரசாணை. கல்லூரியில் 14 இடம் இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து வந்தார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது தனிக் கதை. கூடவே வந்த பொறியியல் மாணவர் சீனிவாசனுக்காக வாதாடியவர் யார் தெரியுமா? அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அதே அல்லாடி.

1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜி.ஓ.வை அடித்தது. காரணம் சொல்லை ஒட்டியது. வேலைவாய்ப்பு பற்றிய 16ஆவது பிரிவில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு செய்யலாம் என்று 16(4) எழுதியிருக்கிறீர்கள். கல்விச் சேர்க்கை பற்றிய 29இல் அப்படி எழுதவில்லை. எழுதாதது வேண்டுமென்றேதான் இருக்க வேண்டும். முடிந்தது வாதம். தமிழ்நாடு கொதித்தது. ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது எந்த அவை? தற்காலிக நாடாளுமன்றம். அதாவது அரசமைப்பை எழுதி முடித்த அதே அவை. எழுதியவர்களில் ஒருவர் கோர்ட்டில் நின்று ஒரு பொருள் சொல்கிறார், எழுதிய அவையோ நாங்கள் அந்தப் பொருளில் எழுதவில்லை என்று திருத்தம் போடுகிறது. அதுவும் எழுதிய மை காய்வதற்குள். இதில் ‘எழுதியவர்களின் எண்ணம்’ யார் பையில் இருக்கிறது?

ஆனால் செண்பகம் வழக்கு உங்கள் பக்கமும் ஒரு விஷயம் சொல்கிறது, அதை மறைக்கக் கூடாது. நீதிபதிகள் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். சொல் தவறென்றால் மக்கள் பிரதிநிதிகள் மாற்றிக்கொண்டார்கள். இது ஒழுங்கான பாதை. அமெரிக்காவில் இந்தப் பாதை கிட்டத்தட்ட அடைபட்டுக் கிடக்கிறது. திருத்தம் வேண்டுமென்றால் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். இதுவரை 27தான், கடைசியாக நிறைவேறியது 1992இல். நமக்கு 2023க்குள் 106. அதனால், காலத்துக்கு ஏற்ப நீதிபதிதான் புதுப்பிக்க வேண்டும், வேறு யாரும் இல்லை என்ற வாதம் அங்கே வலுவானது, இங்கே அவ்வளவு இல்லை. அதே நேரம் திருத்தம் போட ஓட்டு பலம் வேண்டும். சிறையில் இருப்பவருக்கு, திருநங்கைக்கு அந்தப் பலம் எங்கே? தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஐ அதுவரை எந்த நாடாளுமன்றமும் தொடவில்லை. 2018இல் நீதிமன்றம்தான் தொட்டது.

நீங்கள் சொன்ன அமெரிக்கச் சாராரின் கொள்கைக்கு ஒரிஜினலிசம் என்று பெயர். அதைக் கேட்டதால் சுருக்கமாக: எழுதியவர் மனதில் இருந்தது வேறு, எழுதிய காலத்தில் ஊரார் அந்தச் சொல்லுக்குக் கொண்ட பொருள் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா பிடித்தது இரண்டாவதை. மனதைத் தேட வேண்டாம், அகராதியையும் அன்றைய வழக்கையும் தேடு. நல்ல முறை போலத்தான் இருக்கிறது. ஆனால் 2008இல் துப்பாக்கி உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில் அவரும், எதிர்த்து எழுதிய ஸ்டீவன்ஸும் அதே வரலாற்றைத் தோண்டி எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள், 5க்கு 4. காலத்தோடு பொருளும் வளரும் என்கிற எதிர் முகாமின் படிமம் கனடாவிலிருந்து வந்தது. 1929இல் பெண்களும் செனட்டுக்குத் தகுதியான ‘நபர்கள்’தானா என்ற வழக்கில் அன்று கனடாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் சாங்கி பிரபு அரசமைப்பை உயிருள்ள மரம் என்றார். மரம் என்றால் வளரும், சரி. ஆனால் எந்தக் கிளையை எப்போது வெட்டலாம் என்று அந்த உவமை சொல்லவில்லை.

சொல்லைவிட்டு நம் நீதிமன்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் கணக்கில் மோசமான உதாரணம் 1993ஆம் ஆண்டின் இரண்டாவது நீதிபதிகள் வழக்கு. உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியோடு ‘கலந்தாலோசிக்க’ வேண்டும் என்கிறது 124ஆவது பிரிவு. கலந்தாலோசனை என்றால் ஒப்புதல் என்று ஒன்பது நீதிபதி அமர்வின் பெரும்பான்மை சொன்னது. நீங்கள் வீட்டில் பெண் பார்க்கும்போது பெரியப்பாவைக் கலந்தாலோசிப்பதும் பெரியப்பாவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் ஒன்றா? சண்டையே அங்கேதானே வரும். அதுவும் 1949 மே மாதம், ஒப்புதல் என்றே போட வேண்டும் என்று மெட்ராஸ் உறுப்பினர் போக்கர் சாகிப் திருத்தம் கொடுத்தார். தலைமை நீதிபதியும் மனிதர்தான், பலவீனங்கள் உள்ளவர்தான், அவர் கையில் வீட்டோ கொடுப்பது ஆபத்து என்று அம்பேத்கர் மறுத்து, திருத்தம் தோற்றது. சொல்லும் எதிர், வரலாறும் எதிர். இந்தத் தீர்ப்பிலிருந்து வந்த கொலீஜியத்துக்கு, அதாவது நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு, ஆதரவாக எத்தனையோ நல்ல காரணம் சொல்லலாம், நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த நீதிபதிகளின் இடமாற்றங்களை நினைத்தால் எனக்கே புரியும். ஆனால் அவை கொள்கைக் காரணங்கள். அந்தச் சொல்லிலிருந்து அங்கே போக வழி இல்லை.

இதற்கு நேர் எதிராகக் கேசவானந்த பாரதி வழக்கை வைத்துப் பாருங்கள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தம் போட்டும் மாற்ற முடியாது என்ற தீர்ப்பு அது. 1973, 13 நீதிபதிகள், 7க்கு 6. அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல் அரசமைப்பில் எங்குமே இல்லை என்று எல்லோரும் திட்டுவார்கள். உண்மைதான். ஆனால் நீதிபதி கன்னா பிடித்துக்கொண்டது, அரசமைப்பை மாற்றும் வழியைச் சொல்லும் 368ஆவது பிரிவில் இருக்கிற ‘திருத்தம்’ என்ற சொல்லை. திருத்திய பிறகும் பழையது அடையாளம் தெரியும்படி மிஞ்சி இருக்க வேண்டும், இல்லையென்றால் அது திருத்தம் ஆகாது என்றார். தமிழில் யோசித்தால் இது எவ்வளவு இயல்பாக விழுகிறது பாருங்கள். கணக்கு நோட்டைத் திருத்துவது வேறு, கிழித்துப் போடுவது வேறு. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தீர்ப்பை நான் மேலே வைக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அந்தச் சொல்லிலேயே நின்று அவரோடு சண்டை போட முடியும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில், அது அடிப்படை உரிமை இல்லை என்று மத்திய அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், கோபாலனுக்காகச் சுதந்திரத்தை விரித்து வாதாடிய நம்பியாரின் மகன். நெருக்கடி நிலையில் காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று அந்த அந்தரங்க உரிமை வழக்கில் எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இல் அந்தத் தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். சட்டப் பொருள் ரத்தத்தில் வராது போலிருக்கிறது.

இப்போது ஆளுநர் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாடு ஆளுநர் 2023 நவம்பர் 13இல் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18ஆம் தேதி சட்டமன்றம் சிறப்பாகக் கூடி மறுபடி நிறைவேற்றியது. 28ஆம் தேதி அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். மசோதாவைத் திருப்பி அனுப்புவதென்றால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்பது 200ஆவது பிரிவு. எத்தனை நாள் என்று இல்லை. 2025 ஏப்ரல் 8இல் பர்திவாலாவும் நம் ஹைகோர்ட்டிலிருந்து போன மகாதேவனும் ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலக்கெடு வகுத்தார்கள். பத்து மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில், ஐந்து நீதிபதிகள் நீதிமன்றம் காலக்கெடு வகுக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கூடாது என்றார்கள்.

இதில் வரலாற்றைத் தேடினால் என்ன கிடைக்கும்? குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பற்றிய வரைவில் முதலில் ‘ஆறு வாரத்துக்குள்’ என்றே இருந்தது. அம்பேத்கர்தான் அதை எடுத்துவிட்டுக் ‘கூடிய விரைவில்’ என்று போட்டார். அவை உறுப்பினர் காமத் எதிர்த்தார். இப்போது ஒரு வக்கீல் எழுந்து, நாள் கணக்கை வேண்டுமென்றே எடுத்தார்கள், நீதிபதி மறுபடி வைக்கக் கூடாது என்பார். இன்னொருவர் எழுந்து, ஆறு வாரமே நீளம் என்றுதான் எடுத்தார்கள், மாதக்கணக்கில் வைத்திருக்கவா எடுத்தார்கள் என்பார். இரண்டும் அதே பக்கத்திலிருந்துதான். நீங்கள் கேட்ட மருந்து இங்கே இருவர் கையிலும் இருக்கிறது.

நான் நவம்பர் கருத்தின் ஒரு பாதியை ஏற்கிறேன். எண் போடுவது சட்டமியற்றுகிற வேலை. குண்டாஸ் சட்டத்தில் காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டமன்றம் போட்டது, அது சரி. ஆனால் எண் போட முடியாது என்பதற்காகக் கை கட்டி நிற்கவும் வேண்டாம். காவலில் இருப்பவர் கொடுத்த முறையீட்டை அரசு எத்தனை நாளில் பார்க்க வேண்டும் என்று எங்கும் எண் இல்லை. 1991இல் அப்துல்லா குன்ஹி வழக்கில் அரசமைப்பு அமர்வும் எண் போட மறுத்தது. ஆனால் விளக்கம் இல்லாத தாமதம் உரிமை மீறல் என்றது. அதை வைத்துத்தான் எச்.சி.பி. பெஞ்சில் தினமும் நடக்கிறது. மனு என்றைக்கு வந்தது, கோப்பு எந்த மேசைக்கு எப்போது போனது, நடுவில் எத்தனை விடுமுறை, மீதி நாளுக்கு என்ன பதில்? அரசு ஒரு பட்டியல் தாக்கல் செய்யும். அதில் பதில் இல்லாத நாள் கூடினால் உத்தரவு போய்விடும். ‘கூடிய’ என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான உரை எனக்குத் தெரியவில்லை. இன்னும் சீக்கிரம் கூடியிருக்குமா, கூடியிருக்காதா என்பதுதானே அந்தச் சொல் கேட்கிற கேள்வி?

நவம்பர் கருத்திலும் அதற்கு ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. விளக்கம் இல்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால், மசோதா நல்லதா கெட்டதா என்பதற்குள் போகாமல், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம் என்கிறது. அந்தக் கதவு வழியாகப் போகிற முதல் மாநிலம், கோப்பு நகர்ந்த தேதிப் பட்டியலை ஆளுநர் மாளிகையிடம் கேட்க வேண்டும். குண்டாஸில் இருக்கிற ஆளுக்குக் கேட்கக் கிடைக்கிற கேள்வி ஒரு சட்டமன்றத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கேசவானந்த பாரதியை இப்போது தொடாதீர்கள், 700 பக்கத்துக்கு மேல், சுற்றிவிடும். செண்பகம் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சின்னது, கல்லூரி எதிரில் வாங்குகிற டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதை முடித்துவிட்டு, பேர் ஆக்டில் (உரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) 15(4)ஐத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அடுத்து கோபாலனில் பசல் அலி எழுதியதை மட்டும்.